விதைப் பானைக்குள் போனது

கம்ப்யூட்டருக்குக் குளிர் எடுக்கும் என்று சொன்னால் கீழே நாமக்கல்லில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம் மலைமேல் வாழவந்தி நாட்டில் வந்து இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் வாசலை விட்டு நகராது. துவைத்துப் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் கிடக்கும். தீப்பெட்டிக் குச்சி நமத்துப் போய், பத்துக் குச்சி உரசினால் ஒன்று பற்றும். அப்படிப்பட்ட ஊரில், பஸ் நிற்கிற முக்கில், சிமெண்டு ஷீட் போட்ட ஓர் அறைக்குள், எட்டு வருஷமாக ஒரே கம்ப்யூட்டரை வைத்து இ-சேவை மையம் நடத்தி வந்தாள் சுகுணா. காலையில் கடையைத் திறந்ததும் அவள் கம்ப்யூட்டரைப் போடமாட்டாள். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுவது போல அதன் பெட்டியருகே ஒரு குண்டு பல்பைத்தான் முதலில் எரியவிடுவாள். கால் மணி நேரம் சூடு பட்டால்தான் அது கண்ணைத் திறக்கும்.

அவள் புருஷன் ராஜதுரைக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெண்டாட்டியைப் பற்றித் தெரியும். மிளகுக் கொடி, சாமை, மரவள்ளி என்று இரண்டு ஏக்கர் மலைக்காட்டோடு மல்லுக்கட்டுகிற மனிதன் அவன். வெயிலடித்தால் காட்டில் இருப்பான், மழை பெய்தால் கடை வாசலில் வந்து நிற்பான். நிற்கிறபோதெல்லாம் அவள் வேலை செய்வதைப் பார்ப்பான். அதே ஊர்க் கண்ணாயியின் மகளுக்கு நர்சிங் படிப்பில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தபோது, விண்ணப்பம் பதினோரு தடவை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் எதற்காகத் திரும்பியது என்று நோட்டில் எழுதிவைத்து, பன்னிரண்டாம் தடவை ஓட்டையே இல்லாமல் அனுப்பி வாங்கிக் கொடுத்தாள் சுகுணா. அந்தப் பெண் இப்போது சேலத்தில் வெள்ளை உடுப்புப் போட்டு வேலை பார்க்கிறது. இந்த மையம் இல்லையென்றால் ஒரு கையெழுத்துக்கும் ஒரு ரேகைக்கும் ஊர்ச்சனம் தாலுகா ஆபீஸ் இருக்கிற செம்மேட்டுக்கு ஓட வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும், பஸ்ஸைத் தவறவிட்டால் மறுநாள் கூலியும் போகும்.

அந்த மையத்துக்குத்தான் ஐப்பசிக் கடைசியில் சோதனை வந்தது. ரேகை வைக்கிற கருவிக்குப் புது மென்பொருள் வருகிறதாம். பழைய கம்ப்யூட்டரில் அது ஏறாதாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் புதுக் கம்ப்யூட்டர் மாற்றாத மையத்தின் ஐ.டி. முடங்கும், முடங்கினால் வேறொருவருக்குப் போகும் என்று மேலிருந்து தகவல் வந்தது. சுகுணா அதை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. ராஜதுரை உப்பைக் கேட்காமல் குடித்து முடித்தான்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே துணை முரளி. மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரன். நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. முப்பது வயது இருக்கும். அடிவாரத்தில் வண்டியை எடுத்தால் மலைப்பாதையின் எழுபது வளைவையும் ஒரே மூச்சில் ஏறி வந்து, ரிப்பேர் பார்த்து, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு இறங்கிவிடுவான். கார்த்திகை முதல் வாரத்தில் வந்தவன் பழைய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு இனி வைத்தியம் இல்லை என்றான். அது அவர்களுக்கே தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதியை அடுத்ததாகச் சொன்னான். ஆடி மாதம் நாற்பத்திரண்டாயிரத்துக்கு வந்த கம்ப்யூட்டர் இப்போது ஐம்பத்தொன்றாகிவிட்டது, அடுத்த மாதம் என்ன ஆகும் என்று கடைக்காரருக்கே தெரியாது என்றான்.

"எதுக்கு இப்படி ஏறுதுங்க தம்பி?" என்றாள் சுகுணா.

"உள்ள ரேம்னு ஒரு துண்டு இருக்குதுங்களே அக்கா, அதுதான் காரணம். வெளிநாட்டுல பெரிய கம்பெனிக்காரங்க, நாம கேட்டா பதில் சொல்ற கம்ப்யூட்டர் கட்டறாங்க. லட்சக்கணக்குல அவங்களே அள்ளிக்கிறாங்க. நமக்கு வரது மிச்சம் மீதிதானுங்க. வாங்கறதுன்னா இப்பவே வாங்கிப் போடுங்க."

ராஜதுரைக்கு இது சட்டென்று விளங்கியது. பெரிய வியாபாரி அடிவாரத்திலேயே லாரியை நிறுத்தி வருகிற மிளகையெல்லாம் மடக்கினால் சந்தையில் என்ன நடக்குமோ அதுதான். ஆனால் விளங்கியதால் பிரயோசனம் இல்லை. மடக்கி வாங்கியது போதும் என்று அந்த வியாபாரி ஒருநாள் கையை எடுத்தால் விலை பொத்தென்று விழும் என்பதும் அவனுக்குத் தெரியும். மிளகு கிலோ எழுநூறைத் தொட்ட ஒரு வருஷம், எண்ணூறு வரட்டும் என்று மூட்டையைக் கட்டி வைத்தவன் அவன். ஒரு வருஷம் காத்தான், இன்னொரு வருஷம் காத்தான், கடைசியில் முந்நூற்று முப்பதுக்குப் போட்டுவிட்டு வந்தான். அந்தக் கதையை யாராவது எடுத்தால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறது ஒரு பழமொழி, பதறாத காரியம் சிதறாது என்கிறது இன்னொன்று. இரண்டையும் சொல்லிவைத்த பெரியவர்கள் எதை எப்போது எடுத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

பணத்துக்கு வழி ஒன்றுதான், கொடியில் தொங்குகிற மிளகு. அது மாசியில்தான் பறிப்புக்கு வரும், காய்ந்து காசாகப் பங்குனி ஆகும். இப்போதே வேண்டுமென்றால் கொடியோடு விலை பேச வேண்டும். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்குகிற குழந்தைசாமி அதற்கென்றே கார்த்திகையில் காடு காடாக நடப்பவர். வந்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொடிகளுக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார். மொத்தக் கொடிக்கும் ஒரு தொகை சொன்னார். கம்ப்யூட்டருக்குச் சரியாக இருந்தது. மாசியில் வரக்கூடியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வார்த்தையில் தேன் ஒழுகத்தான் பேசினார், அவர் மேல் குற்றமில்லை. அவர் பிழைப்பு அது.

ராஜதுரையின் அம்மா ஆயம்மாள் அப்போது முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே மகனைப் பார்த்தாள். கொடியோடு விற்பது அந்த வீட்டில் இதுவரை நடந்ததில்லை. ஆனாலும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மருமகள் பிழைப்பு என்று அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று சொன்னவள் சுகுணாதான்.

"பத்து நாள் டைம் குடுங்க மாமா," என்று குழந்தைசாமியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் நோட்டை எடுத்தாள்.

அந்தப் பத்து நாள் அவள் செய்த வேலையை ராஜதுரை இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். முரளிக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் என்ன விலை என்று கேட்பதை விட்டுவிட்டாள். அதற்குள் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் தனித்தனியாக என்ன விலை, போன மாதம் என்ன, அதற்கு முந்தின மாதம் என்ன என்று கேட்டாள். டப்பா, திரை, கீபோர்டு, கரண்டு வாங்குகிற பெட்டி என்று வரிசையாக எழுதினாள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேட்டாள். முரளி அலுத்துப்போய், அக்கா எங்கள் கடைக்கு வேலைக்கே வந்துவிடுங்கள் என்றான். பத்தாம் நாள் அடுப்படியில் புருஷனையும் மாமியாரையும் உட்காரவைத்து நோட்டை விரித்தாள்.

"ஏனுங்க, சாயங்காலம் ஆட்டை ஓட்டிட்டு வாரப்ப நீங்க எதை மொதல்ல புடிப்பீங்க?"

"ஓடறதைத்தான் புடிக்கோணும். நிக்கறது எங்க போவுது?"

"அதேதானுங்க. இங்க பாருங்க. டப்பா அன்னைக்கும் அதே வெல, இன்னைக்கும் அதே வெல. திரை நூறு ரூவா கொறஞ்சிருக்குது. ஓடறது ரெண்டே ரெண்டு, ரேமும் டிஸ்க்கும். அந்த ரெண்டை மட்டும் இப்பப் புடிச்சுக் கட்டிப் போட்டுட்டா, மிச்சத்தை மாசி மெளகுல வாங்கிக்கலாம். முப்பது கிலோ மெளகு இருந்தாப் போதுங்க. மொத்தக் கொடியவும் எதுக்கு விக்கோணும்?"

ராஜதுரை நோட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். எட்டாம் வகுப்போடு நின்ற தனக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று அந்த நேரத்தில் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முப்பது கிலோவை எப்படி மார்கழியில் எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

எடுக்க வழி இருந்தது. கீழ்க்காடு கிழக்கே பார்த்த சரிவு. மலையில் எங்கும் விழுவதற்கு முன்னால் வெயில் அங்கே விழும். அங்கிருக்கிற இருபது சில்வர் ஓக் மரத்துக் கொடிகள் மற்றவற்றுக்கு ஒன்றரை மாதம் முந்திக்கொள்ளும். ஒரு சரத்தில் இரண்டு மணி சிவந்தால் பறிக்கலாம் என்பது கணக்கு. எல்லாம் சிவக்கட்டும் என்று காத்தால் பாதியைக் குருவி தின்னும், மீதி உதிரும். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறுகிற ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் விடிந்ததும் போனான். பனியில் மூங்கில் வழுக்கும். கால் பெருவிரலால் கணுவைக் கவ்விக்கொண்டு, ஒரு கையால் மரத்தை அணைத்து, மறு கையால் சரம் சரமாகக் கிள்ளி இடுப்புச் சாக்கில் போட்டான். இரண்டு மணி சிவக்காத சரத்தைத் தொடவில்லை. ஆறு நாள் ஆனது.

பறிப்பது பாதி வேலைதான். மார்கழியில் மிளகைக் காய வைப்பது இருக்கிறதே, அதுதான் வேலை. சரங்களைத் தரையில் பரப்பிக் காலால் மிதித்து மணியை உதிர்த்தார்கள். மணிகளைத் துணியில் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்தாள் ஆயம்மாள். அப்படிச் செய்தால் சீக்கிரம் கறுக்கும், சீக்கிரம் காயும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் பதினோரு மணிக்கு விரிப்பார்கள், மூன்று மணிக்கு மூட்டம் திரும்புவதற்குள் அள்ளுவார்கள். சுகுணா கடையிலிருந்து வானத்தைப் பார்ப்பாள், மூட்டம் மேற்கே எழுந்தால் போன் போடுவாள். நாலு நாளில் காய வேண்டியது ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் ராஜதுரை ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தான். சடக்கென்று உடைந்தது. முப்பத்திரண்டு கிலோ இருந்தது.

குழந்தைசாமிதான் வாங்கினார். மொத்தக் கொடி கிடைக்கவில்லை என்ற வருத்தம் இருந்தாலும், மார்கழியில் இப்படிக் கறுப்பாய் உருண்ட மிளகைப் பார்த்ததில்லை என்று நல்ல விலையே போட்டார். மறுநாளே சுகுணா பஸ் ஏறி நாமக்கல் போய் வந்தாள். மூன்று வார இடைவெளியில் அந்தத் துண்டு இன்னும் இரண்டாயிரம் ஏறியிருந்தது. கைப்பையிலிருந்து அவள் எடுத்துவைத்த சாமானைப் பார்த்து ராஜதுரைக்குத் திக்கென்றது. விரல் நீளத்துக்கு ரேம் என்று இரண்டு பச்சைப் பட்டை, சீட்டுக்கட்டு அளவுக்கு டிஸ்க் என்று ஒரு கறுப்புத் தகடு. இருபது மரத்து மிளகு ஓர் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

"மிச்ச சாமான் வந்து மாட்ற வரைக்கும் ஈரம் மட்டும் படவே கூடாதுன்னு முரளி சொல்லியிருக்குது," என்று சொல்லி, சீல் போட்ட பைகளோடு பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

தை பிறந்து இரண்டாம் வாரம், காலம் தப்பி மழை பிடித்தது. ஐந்து நாள் விடாமல் ஊற்றியது. நாலாம் நாள் மேற்குச் சுவரில் நீர் கசிந்து இறங்கி பீரோவின் அடித்தட்டு நனைந்துவிட்டது. சுகுணா ஓடிவந்து துணிகளை வாரி வெளியே போட்டாள். கல்யாணப் புடவை முதல் ரேஷன் கார்டு வரை எல்லாம் இருந்தது. பச்சைப் பட்டையும் கறுப்புத் தகடும் இல்லை. வாரிப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் உதறினாள். ராஜதுரை கட்டிலுக்கு அடியில் தேடினான், மிளகுச் சாக்கை உதறினான். அடுப்படியில் கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்த ஆயம்மாள் துடுப்பை நிறுத்தாமல் கேட்டாள்.

"எதைக் கண்ணு தேடறீங்க? அந்தப் பட்டையவா? அது வெதைப் பானையில இருக்குது."

அந்த வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். பரணில் மூன்று மண்பானை. அடுத்த வருஷத்துக்கான சாமை விதையைச் சாம்பலோடு கலந்து அதில் போட்டு, வாயைச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி மூடிவிடுவார்கள். அடுப்புச் சூடும் புகையும் படுவதால் பூச்சி அண்டாது, ஈரம் ஏறாது. பெய்த மழையில் உழவு போடுகிற நாளில்தான் வாயைத் திறப்பார்கள். ஈரம் படக்கூடாத சாமான் என்று ஆயம்மாள் காதில் விழுந்திருக்கிறது. ஈரம் படக்கூடாத சாமானை எங்கே வைப்பது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு மறுநாள் பானைக்கு வாய் பூசும்போது, மூன்றையும் ஒரு துணியில் முடிந்து உள்ளே போட்டுப் பூசிவிட்டாள்.

"சாம்பலுக்குள்ளீங்களா அத்தை?" சுகுணாவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. அது இன்னும் மோசம். "அது தூசி படப்படாத சாமானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லோ?"

"நீ கடைக்குப் போயிட்ட. சீலு கீலு நானொண்ணும் கிழிக்கல. நனையாம இருக்குதா இல்லியா?"

இப்போதே திறந்து எடுக்க வேண்டும் என்றாள் சுகுணா. பூசின வாயை மழை நாளில் திறந்தால் பானை விதை அத்தனையும் ஈரம் வாங்கிவிடும், ஆகாது என்றாள் ஆயம்மாள். இரண்டு பேரும் ராஜதுரையைப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அதை அன்றைக்கு அவன் அனுபவித்தான். வெளியே போய் முரளிக்குப் போன் போட்டான். சீல் பிரியாமல் இருந்தால் சாம்பலுக்குள் இருந்தாலும் சாக்கடைக்குள் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று முரளி சொன்னான். கொஞ்சம் பொறுத்து, ஆனால் இரண்டு பட்டையில் ஒன்றைக் கடையில் சோதித்துப் பார்ப்பதற்காகப் பிரித்து மூடியதாக ஞாபகம் என்றும் சொன்னான். ராஜதுரை முதல் பாதியை மட்டும் வீட்டுக்குள் வந்து சொன்னான்.

மாமியாரும் மருமகளும் அதற்குப்பிறகு ஒரு வாரம் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "களி வேணுமான்னு கேளு" என்று ஆயம்மாள் ராஜதுரையிடம் சொல்வாள். "வேணாமுன்னு சொல்லுங்க" என்று சுகுணாவும் ராஜதுரையிடமே சொல்வாள். மூவரும் ஒரே அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேலே பானை.

மாசியில் மேல்காட்டு மிளகு பறிப்புக்கு வந்ததும் கோபத்துக்கெல்லாம் நேரமில்லாமல் போனது. இந்த முறை வெயில் நன்றாகக் காய்ந்தது. பங்குனி பிறந்ததும் சந்தையில் போட்டுவிட்டு முரளிக்குச் சொன்னார்கள். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது முரளி வந்தான். டப்பாவும் திரையும் மற்றதும் அட்டைப்பெட்டிகளில் பஸ்ஸில் வந்து கடையில் இறங்கியிருந்தன. பட்டைகளை வாங்கிக்கொண்டு போவதற்காக வீட்டுக்கு வந்தவன், மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமலே பேசினான்.

"அண்ணா, அக்கா, ஒரு விசயம். நீங்க வாங்கின அந்த ரெண்டு பட்டை, இன்னைக்கு வெல என்ன தெரியுங்களா? ரெண்டு பங்கு. கடைக்காரரு எங்கயும் சரக்குக் கெடைக்காம தவிக்கிறாரு. கொண்டு வந்தா வாங்கின வெலைக்கு மேல அதே மாதிரி இன்னொரு பங்கு கையில குடுத்தர்றேங்கறாரு. பழைய லேப்டாப் ஒண்ணு நான் ஏற்பாடு பண்றேன், அதைக் காட்டிக் கெடுவைத் தாண்டிரலாம். தீவாளிக்கு வெல எறங்கினா அப்பப் புதுசா வாங்கிக்கலாமுங்க."

ராஜதுரை மனசுக்குள் கணக்குப் போட்டான். இரண்டு பங்கு. ஒரு கிலோ மிளகு மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஆனது போல. முந்நூற்று முப்பதுக்குப் போட்ட அந்தக் கேவலம் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, அதைப் பிடுங்கி எறிய இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது. மேற்குச் சுவரும் கண்ணில் பட்டது. அதைப் பூசி, மேலே ஷீட்டும் மாற்றிவிடலாம். பழைய லேப்டாப் எத்தனை நாள் தாங்கும் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம். வாயைத் திறந்துவிட்டான், "அதுவும் நல்ல ரோசனையாத்தான்…" வரைக்கும் வந்துவிட்டது.

சுகுணா அண்ணாந்து பரணைப் பார்த்தாள். பிறகு முரளியிடம் பேசினாள், கண் மட்டும் மாமியார் பக்கம் இருந்தது.

"நாளைக்கு வெல ஏறுமா எறங்குமான்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி. அந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. நான் அதை விக்கறதுக்கு வாங்கல, மாட்டறதுக்கு வாங்கினேன். அதும் போவ, எங்க அத்தை அதை வெதைப் பானையில போட்டுட்டாங்க. பானைக்குள்ள போயிட்டா அது வெதை. இந்த ஊட்டுல வெதையை விக்கறதில்லீங்க."

அது அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பஞ்சம் வந்தாலும் விதைப் பானையைத் தின்னக் கூடாது, விற்கக் கூடாது, மண்ணில்தான் போட வேண்டும். காட்டுக்கிழங்கு தோண்டித் தின்று கிடந்த வருஷத்திலும் பரணில் பானை நிறைந்திருந்தது என்று ஆயம்மாளே பலமுறை சொல்லியிருக்கிறாள். ராஜதுரை திறந்த வாயை மூடிக்கொண்டான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்ந்து பெருமையும் இருந்தது, எது அதிகம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆயம்மாள் எழுந்து போய் இரண்டு சொம்பு தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்தாள். விதைப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. முதல் மழை விழாமல் அவள் அந்தப் பானையைத் தொட்டு ராஜதுரை பார்த்ததில்லை. பரணில் ஏறி, நடுப்பானையை இறக்கி, பூசிய வாயை அரிவாள் முனையால் தட்டி உடைத்தாள். சாம்பலும் புகையும் கலந்த வாசனை வந்தது. சாமை மணி ஒவ்வொன்றும் பளபளவென்று தனித்தனியாகக் கிடந்தது.

"நீயே எடு கண்ணு," என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு மருமகளைக் கண்ணு என்று கூப்பிட்டது அப்போதுதான்.

சுகுணா முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி அந்த முடிச்சை எடுத்தாள். துணி சூடாக இருந்தது.

கடையில் முரளி மாட்ட ஆரம்பித்தபோது வாசலில் பத்துப்பேர் நின்றிருந்தார்கள். சான்றிதழுக்கு வந்தவர்கள், பென்ஷனுக்கு ரேகை வைக்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள். எப்போதும் கடைப்பக்கம் வராத ஆயம்மாளும் வந்து ஓரமாக நின்றாள். எல்லாம் மாட்டி முடித்து பொத்தானை அழுத்தினான் முரளி. உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பீப், பீப் என்று மூன்று தடவை கத்தியது. தான் சொல்லாமல் விழுங்கிய மறுபாதி இப்போது எல்லோர் முன்னாலும் கத்துவதாக ராஜதுரைக்குத் தோன்றியது. சுகுணா மாமியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை, பார்த்தால் அவளுக்குக் குற்றமாகப் பட்டுவிடும் என்று.

முரளி அணைத்துவிட்டு இரண்டு பட்டையையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஒன்றின் விளிம்பில் பொன்னிறப் பற்கள் மேல் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. சீல் பிரிந்திருந்த பையில் கிடந்த பட்டை அது. யாரிடமாவது ரப்பர் இருக்கிறதா என்று கேட்டான். சுகுணா மேஜை இழுப்பறையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். பற்களைப் பதமாகத் தேய்த்து, ஊதி, மறுபடியும் அழுத்திப் பொருத்தினான். பொத்தானை அவன் அழுத்தவில்லை.

"நீங்களே போடுங்க அக்கா."

சுகுணா போட்டாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் நீல வெளிச்சம் பரவி அவள் முகத்தில் விழுந்தது. பல்பும் இல்லை, சூடும் காட்டவில்லை. பட்டென்று கண் திறந்துகொண்டது. கண்ணாயி, அவளும் வந்திருந்தாள், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கம்ப்யூட்டரைக் கும்பிட்டாளா சுகுணாவைக் கும்பிட்டாளா என்று தெரியவில்லை. ராஜதுரை சுகுணாவைத்தான் என்று எடுத்துக்கொண்டான்.

புது மென்பொருள் ஏறி முடிக்க மத்தியானம் ஆனது. ரேகைக் கருவி பச்சை விளக்குக் காட்டியது. முரளி கிளம்பத் தயாரானபோது ஆயம்மாள் மெதுவாக மருமகள் அருகில் வந்தாள்.

"பானையில இருந்து ஒரு கை எடுத்தா ஒரு கை போட்டுத்தான் வாய் பூசோணும். வெறுமனே பூசப்படாது. என்ன போடட்டும்?"

சுகுணா கொஞ்சம் யோசித்தாள். பிறகு மூலையில் கிடந்த பழைய பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். எட்டு வருஷம் குளிரில் நடுங்கி, பல்புச் சூட்டில் விழித்து, மலைச்சனத்தின் பேரையெல்லாம் சுமந்த பழைய பட்டையைப் பிடுங்கினாள். முந்தானையால் துடைத்து மாமியார் உள்ளங்கையில் வைத்தாள்.

முரளி அதை எட்டிப் பார்த்தான். "பெரீம்மா, பழசுக்கும் இப்ப ஆயிரத்து ஐந்நூறு போகுதுங்க," என்றான்.

ஆயம்மாள் பட்டையை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"வெதைக்கு வெல கேக்காத சாமி," என்று சொல்லிவிட்டு, பானைக்கு வாய் பூச வீட்டைப் பார்த்து நடந்தாள்.